நெஞ்சு அடைக்கிறது என்றால் என்ன?

“இப்படியே பேசிக்கிட்டிருந்தா உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவோம்!”

ஈப்போவில் படித்த நாள்களில் நானும் நண்பர்களை இப்படிக் கேலி செய்திருக்கிறேன். அங்கே 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று ‘பஹாகியா’, அதாவது ‘மகிழ்ச்சி’ என்று பெயர். கேலி மட்டும் மாறவில்லை.

என் கேலியை நிறுத்தியது பாட்டி சொன்ன கதை. பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், மனைவி இறந்த பிறகு பெரட்டுக்கும் போகாமல் படுத்தே கிடந்தாராம். மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். “நெஞ்சு அடைக்குது” என்றார். உடன் போனவர் அதை அப்படியே மலாயில் சொன்னார். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். துக்கம் அடைப்பது எக்ஸ்ரேயில் தெரியுமா? சில மாதங்களில் அந்த அண்ணன் தோட்டத்தை விட்டே போய்விட்டாராம்.

ஃபிரான்ட்ஸ் ஃபனோன் என்ற மனநல மருத்துவரின் எழுத்துகளைப் படித்தபோது இந்தக் கதை மறுபடியும் நினைவுக்கு வந்தது. அவர் 1925இல் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பினத்தவர். 1953இல், பிரெஞ்சுக் காலனியாக இருந்த அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் பணியேற்றார். அவருடைய தாள்கள் பிரான்சின் கான் நகருக்கு அருகே, பழைய மடம் ஒன்றில் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றோடு, பல இடங்களில் சிதறிக் கிடந்த அவரது எழுத்துகளையும் திரட்டி 2015இல் பிரெஞ்சில் நூலாக்கினார்கள். 2018இல் ஆங்கிலத்திலும் வந்தது.

அதில் என்னை நிறுத்திவைத்தது, 1954இல் ஃபனோன் தம் இளம் மருத்துவர் ஜாக் அசுலேயோடு எழுதிய கட்டுரை. அது ஒரு தோல்வியின் கதை.

ஃபனோனின் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். பெண்கள் பிரிவில் கூட்டம், விழா, திரைப்படம், செய்தித்தாள் என்று தொடங்கினார். நல்ல மாற்றம் தெரிந்தது. அதையே ஆண்கள் பிரிவிலும் செய்தார். யாரும் ஒட்டவில்லை.

அல்ஜீரியரின் மூளையே தாழ்ந்தது என்று அன்றைய காலனி மருத்துவர்கள் சிலர் எழுதிவந்தார்கள். ஃபனோன் நோயாளிகளைக் குறை சொல்லவில்லை. தவறு எங்களுடையது என்று எழுதினார். அந்த ஆண்களில் பலர் உழவர்கள், கூலித் தொழிலாளர்கள். அவர்களின் மொழி மருத்துவருக்குத் தெரியாது; மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேச்சு. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்காமலேயே ஐரோப்பியப் பழக்கங்களைக் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்துகொண்டார். பிறகு அங்கே ஒரு காப்பிக்கடை வந்தது. முஸ்லிம் பெருநாள்கள் கொண்டாடப்பட்டன. ஊர்க் கதைசொல்லி வந்து கதை சொன்னார்.

1956இல் ஃபனோன் வேலையைத் துறந்தார். சொந்த மண்ணிலேயே மனிதரை அந்நியராக்கும் ஆட்சியில் மனநல மருத்துவம் எதைச் சாதிக்கும் என்பதே அவரது விலகல் கடிதத்தின் சாரம். 1961இல், 36 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

தோற்றதை மறைக்காமல் எழுதிவைத்ததால், எழுபது ஆண்டுகள் கழித்து நாம் அதைப் படிக்கிறோம். எங்கள் தோட்டத்து அண்ணனைப் பற்றி ஒரு தாளும் இல்லை. பாட்டியின் நினைவு மட்டும்தான்.

மருத்துவம், தாதிமை, உளவியல் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டுத் தமிழும் உங்கள் தகுதிதான். “நெஞ்சு அடைக்குது”, “மனசு சரியில்ல”, “எதுலயும் பிடிப்பில்ல”: இப்படித் தாத்தா பாட்டி சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதிவையுங்கள். எப்போது, எதனால் அப்படிச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நண்பன் ஒருவன் அப்படிச் சொன்னால் கேலி செய்யாமல் கேளுங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அவனோடு நீங்களும் செல்லுங்கள். அவன் சொல்ல வருவது அவருக்குச் சரியாகப் புரிய, கூட ஒருவர் இருப்பது நல்லது.