கேள்வி கேட்க ஒரு கடற்கரை

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புயலையும் வெள்ளத்தையும் யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாக ஆறுகள் வந்து கடலில் சேரும் இந்த மண்ணை வடிகால் மாவட்டம் என்றே சொல்வார்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெருமழை ஊர்களை மூழ்கடித்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையைத் தாங்க முடியாமல் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. இத்தனையும் பார்த்த மக்களிடம்கூட ‘பருவநிலை மாற்றம்’ என்று பேச்செடுத்தால், எங்கோ பனிமலை உருகும் செய்தியாகத்தான் அது காதில் விழுகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது; 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. அறிவியலுக்கு இது பெரிய எண். ஆனால் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே, பயமுறுத்தும் செய்திகள் மக்களுக்குப் போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. தங்கள் ஊரைப் பற்றித் தங்கள் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம்தான் அவர்களுக்கு இல்லை. நேற்று இந்தக் கரை எப்படி இருந்தது, ஏன் மாறியது, நாளை என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். மறைந்துபோன இடங்களைக் கணினியில் மறுபடி கட்டியெழுப்பும் மெய்நிகர் மரபுக் கலையும், பேச்சுக்குப் பேச்சு பதில் தரும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்தால் அந்த இடத்தை உருவாக்க முடியும். சில நிபந்தனைகளோடுதான்.

மெய்நிகர் மரபு என்பது வெறும் கணினி ஓவியம் அல்ல. ஒரு கட்டடத்தைப் பல கோணங்களில், ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் படமெடுத்து, அவற்றிலிருந்து அதன் முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடுகிறார்கள். லேசர் கதிரைச் செலுத்தி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு சுவரின் ஒவ்வொரு புள்ளியையும் அளக்கிறார்கள். கூகுள் கலைப் பண்பாட்டுப் பிரிவும், சையார்க், இகோமோஸ் ஆகிய மரபுப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஒரு திட்டம், பருவநிலை மாற்றத்தால் ஆபத்தில் இருக்கும் ஐந்து மரபிடங்களை இப்படிப் பதிவு செய்தது. வங்கதேசத்தின் பாகர்ஹாட் அவற்றில் ஒன்று. 15ஆம் நூற்றாண்டுச் செங்கல் மசூதிகளில் உப்பு ஏறிக் கற்கள் பொரிந்து உதிர்வதை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். தான்சானியாவின் கில்வா தீவில் கடல் அரிக்கும் கோட்டையைக் காக்க ஊர்மக்கள் அலையாத்திச் செடிகளை நட்டதையும் அதே திட்டம் பதிவு செய்தது. நம் பக்கத்தில், சிதம்பரத்துக்குத் தெற்கே, கடல் கொண்ட பட்டினமான பூம்புகாரைக் கணினியில் மீட்டெடுக்க மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 13 கல்வி, ஆய்வு நிறுவனங்கள் அதில் சேர்ந்தன.

ஆனால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்ப்பவர் வாய் திறக்க அதில் வழியில்லை. பார்த்தோம், வியந்தோம், எழுந்து போனோம் என்று முடிந்துவிடும். உரையாடல் அப்படியல்ல. 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், சதிக் கதைகளை நம்பும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் செயற்கை நுண்ணறிவோடு பேச வைத்தார்கள். அவரவர் சொன்ன காரணத்துக்கு நேரான ஆதாரத்தை அது எடுத்து வைத்தது. நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு தளர்ந்தது. இரண்டு மாதம் கழித்தும் அந்தத் தளர்வு நீடித்தது. எல்லாருக்கும் ஒரே பாடத்தைச் சொல்வதைவிட, ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்வது ஆழமாகப் போகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழில் இது நடக்குமா என்ற ஐயம் சில ஆண்டுகளுக்கு முன் நியாயமானது. இன்று சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும், 2022இல் தொடங்கிய மத்திய அரசின் பாஷினி திட்டமும் இந்திய மொழிகளில் பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகளை வளர்த்திருக்கின்றன. 2023இல் வந்த ஜுகல்பந்தி என்ற உரையாடல் கருவி, அரசுத் திட்டங்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் குரலாலேயே கேட்க வழி செய்தது. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கும் இந்தக் கரையிலேயே விடை இருக்கிறது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரிக் கடற்கரையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் ஊர்தோறும் அறிவு மையங்களை அமைத்து, அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆழிப்பேரலையைப் பற்றி எச்சரித்தபோது, அந்த ஒலிபெருக்கிதான் ஊரை ஓடச் சொன்னது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தப்பின. ஊருக்குப் பொதுவான இடமும் ஊரின் குரலும் இருந்தால், சாதனம் எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி சிதம்பரத்தை எடுத்துக்கொள்வோம். தில்லை என்ற பெயரே ஓர் அலையாத்தி மரத்தின் பெயர். ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் மரம் வெட்டுபவர்கள் அஞ்சும் மரம். நடராசர் கோயிலின் தலமரம் அது. இன்று அதைக் காண வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்துக் கழிக்குப் போக வேண்டும். கோயிலை மெய்நிகரில் சுற்றிப் பார்க்கும் பள்ளி மாணவி ஒருத்தி, “இந்த மரம் இப்போது ஏன் இங்கே இல்லை?” என்று கேட்டால், பேச்சு தானாகக் கழிக்கு நகரும். அங்கே காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்து வெட்டியதில் தரை தொட்டிபோல் பள்ளமானது, தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி உப்பு ஏறியது, செடி முளைக்கவில்லை. 1990களில் சுவாமிநாதன் நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்து வெளியே போக வழி செய்தார்கள். நட்ட கன்றுகள் பிடித்தன. 2022இல் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அந்தப் பெண்ணுக்கு அடுத்த கேள்வி வரும்: “ஆற்றில் நன்னீர் குறைந்து கடலும் உயர்ந்தால் இந்தக் காடு என்ன ஆகும்?” அதுதான் பருவநிலைப் பாடம். யாரும் திணிக்காமல், அவளே கேட்டு வந்து சேர்ந்த பாடம்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம், இயந்திரம் பொய் சொல்லும் என்பது. உண்மைதான், தெரியாததைத் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்வது இந்தக் கருவிகளின் பெருங்குறை. ஆனால் எல்லாக் கருவியையும் ஒரே மாதிரி கட்ட வேண்டியதில்லை. யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்களிடம் அமெரிக்காவின் ஷோவா அறக்கட்டளை முன்கூட்டியே ஏராளமான கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்தது. இன்று பார்வையாளர் கேட்கும்போது, பொருத்தமான பதிவை இயந்திரம் தேடி எடுத்துத் தருகிறது. தானாக ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. நமக்கு வேண்டியது அந்த ஒழுக்கம். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வுகள், வானிலைத் துறைப் பதிவுகள், மீனவர்கள் வாயால் சொன்ன காற்றும் நீரோட்டமும் ஆகியவற்றிலிருந்து மட்டுமே பதில் வர வேண்டும். எங்கிருந்து எடுத்தது என்று காட்ட வேண்டும். பதிவில் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். அறிஞர்கள் மாறுபடும் இடத்தை மறைக்கவும் கூடாது. ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்று 2005இல் ஆய்வுகள் வந்தன. கடலிலிருந்து இருந்த தொலைவும் தரையின் உயரமுமே முக்கியக் காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். இரண்டையும் கேட்கும் உரிமை அந்தக் கரையில் குடியிருப்பவருக்கு உண்டு.

இரண்டாவது ஆட்சேபம் மரபிலிருந்தே வருகிறது. பூம்புகாரைக் கடல் கொண்டது எந்தத் தொழிற்சாலைப் புகையால், கடல் எப்போதும் மாறித்தானே வந்திருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கரைகள் இயற்கையாகவும் மாறும் என்பதை மறைத்துப் பிரசாரம் செய்தால் மரபும் கெடும், அறிவியலும் கெடும். ஆனால் முன்பு கரை மாறியது என்பது இன்றைய மாற்றத்துக்கு நாம் பொறுப்பல்ல என்பதற்குச் சான்றாகாது. இன்றைய உயர்வின் வேகத்தையும், அதற்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பது காரணம் என்பதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். மரபு நமக்குச் சொல்வது வேறொன்று: கடல் நகர்ந்தால் எவ்வளவு பெரிய பட்டினமும் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. அந்தப் பட்டினத்தின் தெருவில் மெய்நிகராக நடந்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார்.

செயற்கை நுண்ணறிவே மின்சாரத்தைக் குடிக்கிறதே என்பது அடுத்தது. 2024இல் உலகத் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாட் மணி, அதாவது மொத்த மின்சாரத்தில் ஒன்றரை விழுக்காடு செலவழித்தன. 2030க்குள் அது இருமடங்குக்கும் மேலாகும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. இந்தக் கவலையை ஒதுக்கக் கூடாது. ஒரு மாவட்டத்தின் ஆவணங்களுக்குள் தேடிப் பதில் தரச் சிறிய மாதிரியே போதும். பெரிதாகக் கட்டாமல் இருப்பதும் இந்தத் திட்டத்தின் நேர்மையில் சேரும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் கடைசியில் வருகிறது. கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி நிற்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. அதன் பக்கத்தில் இருக்கும் குடிகாட்டுக்காரர், “எங்கள் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி சொல்லாமல் கோட்டையையும் கோயிலையும் காட்டி எங்களைச் சமாதானப்படுத்துகிறீர்களா?” என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் கருவி இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல். 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரியை எரிப்பது இதே மாவட்டத்தில்தான். அந்த மின்சாரத்தால் நாடு அடைந்த பயனும், அதன் கரியமிலவாயுவும், நிலம் கொடுத்தவர்களின் நிலையும் பதிலில் சேர்ந்தே வர வேண்டும். தேவனாம்பட்டினத்து டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் வாங்கியதைச் சொல்லும் இயந்திரம், ஆற்றங்கரையில் இன்று யார் எதைக் கொட்டுகிறார்கள் என்றால் வாயை மூடிக்கொள்ளக் கூடாது. மரபு என்பது பெருமைக்குரிய பழசு மட்டுமல்ல. நாம் விட்டுச்செல்வதும் நாளைய மரபுதான்.

எனவே இந்தத் திட்டத்துக்கு முக்கியமான உறுப்பு திரையும் அல்ல, குரலும் அல்ல. மக்கள் கேட்ட கேள்விகளின் பதிவேடு. பெயரை நீக்கிவிட்டு அதை ஊர்வாரியாகத் தொகுத்து, கிராம சபையில் வைக்க வேண்டும். தமிழகத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும் நாளாகவும் இருக்கிறது. எந்த வாய்க்கால் தூர்ந்தது, எந்தக் கிணற்றில் உப்பு ஏறியது, வெள்ளம் வந்தால் எந்தச் சாலை முதலில் அறுபடும் என்று மக்கள் மறுபடி மறுபடி கேட்டவை அங்கே தீர்மானமாக வேண்டும். அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம், அரசு அருங்காட்சியகம், ஊராட்சிகள் ஆகிய மூன்றும் கைகோத்தால் பிச்சாவரத்தில் ஓர் ஊரிலும் குடிகாட்டிலும் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். பருவநிலை மாற்றத்தை மக்களுக்குப் புரியவைப்பது எப்படி என்று நெடுங்காலமாகப் பேசி வருகிறோம். மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைப்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்குவதே முறை.