குழந்தைகளின் மண்டையோட்டு அறுவைத் திட்டமிடலில் முப்பரிமாண அச்சிடல்

குழந்தைகளின் மண்டையோட்டு அறுவைத் திட்டமிடலில் முப்பரிமாண அச்சிடல் என்பது, சிடி ஸ்கேன் படங்களைக் கொண்டு ஒரு குழந்தையின் மண்டையோட்டை அதே அளவில் அச்சிட்டு, எந்த எலும்பை எங்கே வெட்டுவது, எங்கே பொருத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும் முறையாகும்.

தேவை

பிறந்த குழந்தையின் மண்டையோடு பல எலும்புத் தகடுகளால் ஆனது. அவற்றுக்கு இடையே உள்ள தையல் மூட்டுகள் மூளை வளர இடம் தருகின்றன. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு இம்மூட்டுகளில் ஒன்றோ பலவோ காலத்துக்கு முன்பே மூடிவிடுகின்றன. இக்குறைபாடு கிரேனியோசினோஸ்டோசிஸ் எனப்படும். இதனால் தலையின் வடிவம் மாறும். சிலருக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடிப் பார்வையும் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

மண்டையோட்டைத் திறந்து சீரமைக்கும் அறுவை பெரும்பாலும் முதல் வயதையொட்டிச் செய்யப்படுகிறது. இதில் இரத்த இழப்பே பெரும் சிக்கல். கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் இரத்தமே உண்டு. 7 கிலோ எடையுள்ள குழந்தை 100 மில்லிலிட்டர் இழந்தால், மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். எனவே அறுவை நேரத்தைக் குறைக்க முன்திட்டம் உதவுகிறது.

செய்முறை

மெல்லிய அடுக்குகளாக எடுக்கப்பட்ட சிடி படங்களிலிருந்து மென்பொருள் எலும்பை மட்டும் பிரித்தெடுக்கிறது. அச்சுப்பொறி அதை நெகிழியிலோ பிசினிலோ அடுக்கடுக்காக உருவாக்குகிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகும். மருத்துவர்கள் அம்மாதிரியில் கோடிட்டு வெட்டிப் பார்க்கின்றனர். வெட்டுமிடத்தைக் காட்டும் வழிகாட்டி அச்சுகளையும் தயாரிக்கலாம். பெற்றோருக்கு அறுவையை விளக்கவும் மாதிரி பயன்படுகிறது.

இந்தியாவில்

ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் தலை ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017 ஆகத்து, அக்டோபர் மாதங்களில் இரு கட்டங்களாகப் பிரித்தனர். இருவருக்கும் பொதுவாக இருந்த சிரைகளைப் பிரிப்பதே கடினமான பணி. அதைத் திட்டமிட முப்பரிமாண மாதிரிகள் துணையாயின. இத்தகைய மற்றோர் இணையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை 2019 பிப்ரவரியில் பிரித்தபோதும் அச்சு மாதிரிகள் பயன்பட்டன.

மாவட்டங்களுக்கான பயன்

குழந்தைகளுக்கான மண்டையோட்டு அறுவை பெருநகர மருத்துவமனைகளிலேயே மிகுதியாக நடைபெறுகிறது. ஆனால் மாதிரிக்கு அடிப்படையான படம் ஒரு கணினிக் கோப்பே. தருமபுரி போன்ற மாவட்டத்தில் எடுத்த படம் போதிய தரத்துடன் இருந்தால், குழந்தை பயணப்படும் முன்பே அறுவை நடக்கும் ஊரில் மாதிரியை அச்சிடலாம். மீண்டும் கதிர்வீச்சுக்கு உள்ளாவதையும் தவிர்க்கலாம். குழந்தையின் தலை விரைவாக வளர்வதால் பழைய படம் பயன்படாது.

வரம்புகள்

எலும்பு மாதிரி மூளையின் மென்மையையோ இரத்தக் கசிவையோ காட்டாது. படத்தில் உள்ள பிழை மாதிரியிலும் வரும். தலையின் வடிவ மாற்றத்தைக் காலம் தாழ்த்தாமல் கண்டறிவதற்கு இது மாற்றாகாது.