‘திரிக்குறள்’ அச்சுப்பிழை அல்ல

‘திரிக்குறள்’. இந்தச் சொல்லை ஒரு புத்தகத்தில் பார்த்தால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம்? அச்சுப்பிழை என்று நினைத்து, பேனாவை எடுத்து ‘திருக்குறள்’ என்று திருத்திவிடுவோம். பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கம் அது.

ஆனால் இந்த ஒரு சொல்லைத் திருத்தினால் ஒரு மனிதரின் ஆராய்ச்சியே அழிந்துபோகும். அந்த மனிதர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் வேண்டுமென்றேதான் ‘திரிக்குறள்’ என்று எழுதினார். பௌத்தர்களின் வேதமான திரிபிடகத்தின் வழிநூல் குறள், ஆகவே அதன் பெயர் திரிக்குறள் என்பது அவர் வாதம். ‘ஆத்திசூடி’யை ‘ஆத்திச்சுவடி’ என்று எழுதியதும் அப்படித்தான். அவர் சொன்னதை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர் எழுதியதை எழுதியபடி படித்த பிறகுதானே அதைச் செய்ய முடியும்?

பழைய நூல்களைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, சரிபார்த்து அச்சில் கொண்டுவரும் வேலைக்குப் ‘பதிப்பு’ என்று பெயர். இது பேராசிரியர்கள் சங்கதி, நமக்கு என்ன வந்தது என்று ஒதுங்கிவிட முடியாது. யாருடைய எழுத்து பதிப்பிக்கப்படுகிறதோ அவர்களுடைய வரலாறுதான் நிற்கிறது.

எரியா, ஏரியா?

பழங்காலத்தில் எல்லாம் பனையோலையில்தான் எழுதினார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. ஆகவே ஏட்டில் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றுபோல இருக்கும். ஒன்று நெருப்பு, இன்னொன்று தண்ணீர்! துணைக்காலும் ‘ர’ எழுத்தும்கூட ஒரே வடிவம்தான். ‘தர’ என்றும் படிக்கலாம், ‘தா’ என்றும் படிக்கலாம்.

ஓலையும் நிலைக்காது. செல்லரிக்கும், ஒடியும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொண்டே வரவேண்டும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஒரு வரி விடுபடலாம், ஒரு சொல் மாறலாம், எழுதுகிறவர் தன் கருத்தை இடையில் சேர்த்தும் விடலாம். இப்படி ஏட்டுக்கு ஏடு மாறிக் கிடப்பதைத்தான் ‘பாடபேதம்’ என்கிறார்கள்.

நல்ல பதிப்பாசிரியர் கிடைத்த பிரதிகளை எல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். பொருத்தமான பாடத்தை மேலே போட்டு, மற்றவற்றை அடிக்குறிப்பில் தருவார். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை முன்னுரையில் சொல்வார். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். இவர்கள் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த கதையைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதே காலத்தில் வாழ்ந்த அயோத்திதாசரும் ஏடுகளைப் பற்றி ஓயாமல் எழுதினார். அது நம் பாடத்தில் அதிகம் வருவதில்லை.

சமையற்காரர் கொடுத்த ஏடு

திருக்குறள் முதன்முதலில் அச்சானது 1812-இல், சென்னையில். பல பிரதிகளை ஒப்பிட்டுச் சுத்தபாடமாக்கும் வேலை திருநெல்வேலிச் சீமைப் புலவர்களிடம் நடந்தது என்கிறது அந்த நூலின் முன்குறிப்பு. அதை எழுதியவர் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர். நம் மாவட்டத்துக்கு இது பெருமைதான்.

இதே காலத்தைப் பற்றி அயோத்திதாசர் இன்னொரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் சமையற்காரராக வேலை பார்த்தவர். அவர் வீட்டில் இருந்த குறள், நாலடியார் ஏடுகளை அதிகாரியிடம் கொடுக்க, அவை எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்து அச்சுக்கு வந்தன என்கிறார். சென்னையில் 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமையக் காரணமாக இருந்தவர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இந்த எல்லிஸ்.

புத்தகத்தின் முகப்பில் கந்தப்பன் பெயர் இல்லை. பேரன் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் முறை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் வீட்டில் குறள் ஏடு இருந்தது என்ற செய்தி, ‘இவர்களுக்கு எழுத்து ஏது, படிப்பு ஏது’ என்ற பேச்சுக்கு நேரடியான பதில்.

அயோத்திதாசர் இன்னொரு கேள்வியும் கேட்டார். வள்ளுவர் ஒரு பிராமணருக்கும் புலைச்சிக்கும் பிறந்தவர் என்றொரு கதை பிற்காலக் குறள் பதிப்புகளின் முன்னால் அச்சேறியது. இந்தக் கதை பழைய பிரதியில் இல்லை, பின்னால் சேர்த்தது என்று அவர் வாதிட்டார். எந்த ஏட்டில் இருந்தது, ஆதாரம் என்ன என்று கேட்பது பதிப்பாசிரியர் கேட்கவேண்டிய முதல் கேள்வி. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத சித்த மருத்துவர் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டுவிட்டார்.

85 ஆண்டு காத்திருப்பு

1907 ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழை அவர் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் முதல் ரங்கூன், தென்னாப்பிரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் வரை அதைப் படித்தார்கள். குறளுக்கு அவர் எழுதிவந்த உரை முடியும் முன்பே, 1914 மே 5-இல் அவர் காலமானார்.

அதன்பின் அவர் எழுத்தைக் காத்தவர்கள் எளிய மனிதர்கள். கோலார் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய எழுத்தைச் சிறு நூல்களாக வெளியிட்டது. அங்கே ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தினார். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். ஆனாலும் வெளியுலகம் அவரை மறந்தே போனது.

1999-இல்தான் நிலைமை மாறியது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. மூன்றாம் தொகுதி 2003-இல் வந்தது. அன்பு பொன்னோவியத்தின் முயற்சியில் தலித் சாகித்ய அகாடமியும் 1999-இலேயே ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தது. ஆசிரியர் மறைந்து 85 ஆண்டு கழித்து!

அதன் பிறகுதான் பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் பெருகின, விவாதங்கள் எழுந்தன. இன்று சென்னையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அந்த மண்டபத்துக்கு அடிக்கல் எது என்று கேட்டால், அந்தத் தொகுதிகள் என்றுதான் சொல்லவேண்டும்.

வேலை இன்னும் முடியவில்லை. பாளையங்கோட்டைத் தொகுதிகள் அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டவை. தேடிப் படிக்க வசதி. ஆனால் அதே வாரம் அதே பக்கத்தில் வந்த வாசகர் கடிதம், சந்தா விவரம், விளம்பரம் ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால் இன்னும் எவ்வளவோ தெரியும். இதழ்களை நாள்வாரியாக, முழுப் பக்கமாகப் பார்க்கும் வேலை இளைய ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய ‘பறையன்’ இதழின் கதி இன்னும் மோசம். அதில் என்ன வந்தது என்பதை அன்றைய ஆங்கில அரசு தன் கண்காணிப்புக்காகத் தயாரித்த பத்திரிகைச் சுருக்கங்களிலிருந்துதான் பெரும்பாலும் அறிகிறோம். நம் முன்னோர் என்ன சொன்னார்கள் என்பதை, அவர்களை வேவு பார்த்தவர்களின் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்ளும் நிலை. அவருடைய தன்வரலாறான ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ 1939-இல் நூலாக வந்ததால் தப்பித்தது.

நம் வீட்டுப் பரண்

ஓர் ஆவணத்தில் ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்பதைப் பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா அலுவலகம் ஏறி இறங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதிவேட்டில் நிபந்தனைக் குறிப்பு இருந்தால் நிலம் நம் கையில், இல்லாவிட்டால் அடுத்தவர் கையில். நூலும் அப்படித்தான்.

ஆகவே மாணவர்களே, வீட்டுப் பரணில் தாத்தா வைத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வைத்திய ஏடு, சங்கத் தீர்மான நோட்டு, இரவுப் பள்ளிப் பதிவேடு, கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் நகல், கூட்டத் துண்டறிக்கை, பழைய இதழ் என்று எது கிடைத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆற்றிலும் விட்டுவிடாதீர்கள். கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டவேண்டாம், லேமினேஷனும் வேண்டாம், இரண்டும் தாளைக் கெடுக்கும். செல்போனில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள், அட்டையையும் விளம்பரத்தையும் விடாமல். யாருடையது, எந்த ஊர், எப்படிக் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாதுகாத்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்கள் பலவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

படி எடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். அதில் நமக்குத் தவறாகப் படும் சொல் வந்தால், உடனே திருத்திவிடாதீர்கள். இருப்பதை இருப்பதுபோல எழுதி, உங்கள் சந்தேகத்தைக் கீழே குறியுங்கள். அது பிழையாகவும் இருக்கலாம். இன்னொரு ‘திரிக்குறளா’கவும் இருக்கலாம்.