தையல் போட்ட உடம்போடு மலையேறும் பெரியவர்கள்: செல்போனில் வருவாரா டாக்டர்?

கள்ளக்குறிச்சி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையலும் போட்டாச்சு. "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

டவுனில் இருப்பவருக்கு அதோடு கவலை விட்டது. கல்வராயன் மலைக்காரருக்கோ அங்கேதான் கவலை ஆரம்பம்!

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-ந்தேதி தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. சிறுவங்கூரில் பெரிய ஆஸ்பத்திரி நிமிர்ந்து நிற்கிறது.

ஆனால் மலை நகர்ந்து வருமா? அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு நாள்

70 வயது பாட்டி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர் என்று வைத்துக் கொள்வோம். வீடு வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு குக்கிராமம்.

புண்ணைக் காட்ட அவர் கீழே வரவேண்டும். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள், துணைக்கு இன்னொரு ஆள். இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. வாடகை வண்டி என்றால் தனிச் செலவு.

டாக்டர் பார்ப்பதோ ஐந்து நிமிஷம். "நல்லா ஆறியிருக்கு, போய்ட்டு வாங்க!"

இப்படி ஒரு தடவை அலைந்தால், அடுத்த தடவை "அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் தோன்றும். வினை அங்கேதான் இருக்கிறது.

கட்டணம் கிடையாது

இதற்கு ஒரு வழி, தொலை மருத்துவம். மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' 2019-ல் தொடங்கியது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதியும் வந்தது. பைசா செலவில்லை.

செல்போன் எண்ணைப் பதிந்தால் டோக்கன் வரும். முறை வந்ததும் டாக்டர் வீடியோவில் வருவார். மருந்துச் சீட்டும் செல்போனுக்கே வந்துவிடும். செல்போன் பழக்கம் இல்லாதவர்கள் சுகாதார நிலைய ஊழியர் மூலமாகவும் பேசலாம்.

ஒரு விஷயம். பேசுகிற டாக்டர், ஆபரேஷன் செய்த டாக்டராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும்.

2020 மார்ச்சில் வந்த விதிப்படி, நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று பட்டால் டாக்டர் வரச் சொல்லிவிடுவார். கடும் வலிக்குத் தரும் மார்பின் போன்ற மருந்துகளைப் போனில் எழுதித் தரக்கூடாது.

தெரிந்த கை

செல்போன் மட்டும் போதுமா? போதாது!

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 2004 முதல் சிற்றூர்களில் சிறு கண் மையங்களைத் திறந்து வருகிறது. கண்புரை ஆபரேஷன் ஆனவர் பக்கத்து மையத்துக்குப் போனால் போதும். பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதிப்பார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வீடியோவில் பேசுவார். சூட்சுமம் இதுதான்: நோயாளி பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒரு ஆள்.

அந்த ஆள் மலைக்கும் கிடைப்பார். 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். கை, கால் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு.

வீடு வரைக்கும் வருபவர் அப்படியே தையலைப் பார்த்து, "ஆயா, ஒத்தக் கால் மட்டும் வீங்கியிருக்கா?" என்று கேட்டு டாக்டருக்கு வீடியோ போட்டால், பாதி அலைச்சல் மிச்சம்!

இதைப் பார்த்தால் உஷார்!

தையல் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் கண்டால் அன்றே டாக்டரிடம் பேசவேண்டும்.

வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே தெரியாது. சோறு வேண்டாம் என்பார்கள். சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

கண் ஆபரேஷன் ஆனவருக்கு வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ தாமதம் ஆகாது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ வீடியோ, டோக்கன் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்!

சிக்னல் எங்கே?

எல்லாம் சரி, மலையில் டவர் கிடைக்க வேண்டுமே! எல்லாக் குக்கிராமத்திலும் சிக்னல் எடுப்பதில்லை. மேட்டில் ஏறி நின்று போன் பேசலாம். இடுப்பில் தையல் போட்ட பாட்டி மேட்டில் ஏறுவாரா?

கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து சென்னை ஐகோர்ட்டு 2024-ல் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி என்று பேசும்போது, அந்தப் பட்டியலில் டவரையும் சேர்க்க வேண்டும்.

பாட்டி கீழே வர முடியாத நாளில், டாக்டர் மேலே போக இருக்கிற ஒரே ரோடு அதுதான்!