தண்ணி புகாதுன்னு நம்பி இருந்துடாதீங்க... தடைக்காலத்துல வாக்கி டாக்கிக்கும் சர்வீஸ் பண்ணுங்க!

ஏப்ரல் 15-ந் தேதி வந்தால் காசிமேடு முதல் ராமேசுவரம் வரை விசைப்படகுகள் கரைக்கு வந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். இந்த 2 மாதத்தில் படகை கரையேற்றி பலகை மாற்றுகிறார்கள். பெயிண்ட் அடிக்கிறார்கள். இன்ஜினை பிரித்துப்போட்டு வேலை பார்க்கிறார்கள். கிழிந்த வலையை உட்கார்ந்து தைக்கிறார்கள்.

ஆனால் படகில் தொங்கிக்கொண்டிருக்கும் வாக்கி டாக்கியை மட்டும் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘அதுக்கென்ன, அது வாட்டர் புரூப் செட்டுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் சிக்கல். வாட்டர் புரூப் என்பது ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் வரும் வரம் அல்ல. அது நாலைந்து ரப்பர் வளையங்களை நம்பி இருக்கிற விஷயம். ரப்பர் காயும், வெடிக்கும், தளரும். அது போனால் வாட்டர் புரூப்பும் போச்சு!

கரையில் இருந்து கொஞ்ச தூரம் போனதுமே செல்போன் சிக்னல் கட்டாகி விடுகிறது. அதன்பிறகு பக்கத்து படகை கூப்பிட இந்த செட்டுதான் துணை. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரி பக்கம் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை நேரத்துக்கு போய்ச் சேரவில்லை. கையில் வைத்துப் பேசும் சின்ன செட்டு அவ்வளவு தூரம் எட்டாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு படகுக்கு கிடைத்த தகவலை அடுத்த படகுக்கு சொல்லவாவது செட்டு வேலை செய்ய வேண்டாமா?

7 என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

செட்டின் பின்பக்கத்திலோ, கூட வந்த புத்தகத்திலோ ஐ.பி. என்று போட்டு பக்கத்தில் நம்பர் இருக்கும். ஐ.பி.54, ஐ.பி.67 என்று 2 எண்கள். முதல் எண் தூசிக்கு. இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு.

4 என்றால் மேலே தெறிக்கும் தண்ணீரை தாங்கும். அவ்வளவுதான், முங்கக்கூடாது. 5 என்றால் குழாயில் பீய்ச்சும் தண்ணீரை தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போய் கெடுக்காது. 8 என்றால் அதைவிட கூடுதல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை கம்பெனிதான் புத்தகத்தில் சொல்லி இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது 3 விஷயம்.

ஒன்று, இந்த சோதனை எல்லாம் புது செட்டை வைத்து, நல்ல தண்ணீரில் செய்தது. உப்புத்தண்ணீரில் அல்ல.

இரண்டு, 7 என்று போட்டிருந்தால் 5-ம் அதில் அடங்கி விட்டது என்று நினைக்கக்கூடாது. முங்கினால் தாங்கும் செட்டு, பைப் வைத்து வேகமாக அடித்தால் தாங்காமல் போகலாம். இரண்டையும் தாங்கும் என்றால் இரண்டு நம்பரும் போட்டிருப்பார்கள். படகு கழுவும் ஹோஸ் பைப்பை செட்டு மேல் நேராக திருப்பாதீங்க.

மூன்று, கடலில் விழுந்த செட்டு 1 மீட்டரில் நிற்காது. மிதக்கும் ரகம் இல்லை என்றால் நேராக அடிக்குத்தான் போகும். அதனால் கயிறு போட்டு சட்டையிலோ, படகிலோ கட்டி வைப்பதுதான் முதல் பாதுகாப்பு.

வெயிலில் காய்ந்த செட்டு தண்ணீரை உறிஞ்சும்!

பலருக்கும் தெரியாத விஷயம் இது. கறுப்பு கலர் செட்டை படகின் மேல்தட்டில் உச்சி வெயிலில் வைத்தால் 60 டிகிரி வரைகூட சூடாகும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அந்த நேரத்தில் அது 28, 29 டிகிரி உள்ள கடல் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். காற்று சுருங்கினால் வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிற மாதிரிதான்.

அந்த இழுப்பு, 1 மீட்டர் ஆழத்து தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்துக்கு சமமாக இருக்கும். மேலாக்க நனைந்தாலே 1 மீட்டர் முங்கிய கணக்கு! ரப்பர் நல்லா இருந்தால் தப்பிக்கலாம். முடி அளவு கீறல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். அதனால் செட்டை எப்போதும் நிழலில் வையுங்க. சூடான செட்டை தண்ணீரில் கழுவாதீங்க. ஆறவிட்டு கழுவுங்க.

கரைக்கு வந்ததும் 5 நிமிஷ வேலை

செட்டை ஆப் பண்ணுங்க. மூடி எல்லாம் சரியாக மூடி இருக்கிறதா, ஆன்டெனா இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்க. 7 அல்லது 8 நம்பர் போட்ட செட்டு என்றால் ஒரு மக் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை கழுவி விடுங்க. மற்ற செட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உப்பு ஏன் ஆபத்து என்றால், அது காய்ந்ததும் கல் கல்லாக ரப்பர் ஓரத்தில் படியும். அப்புறம் மூடியை எவ்வளவு அழுத்தினாலும் முழுசாக உட்காராது. ஒரு மணல், ஒரு மீன் செதில், ஒரு தலைமுடி மாட்டினாலும் அதே கதிதான். தண்ணீருக்கு அந்த வழி போதும்.

துடைத்த பிறகு பேட்டரியை கழற்றுங்க. பித்தளை கலரில் உள்ள முனைகளை காய்ந்த துணியால் துடையுங்க. பச்சையாக களிம்பு ஏறி இருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்து போய் இருக்கிறது என்று அர்த்தம். சில ரகங்களில் பேட்டரிக்கு பின்னால் ஈரம் வருவது சகஜம். செட்டின் உள்பெட்டி தனியாக மூடி இருக்கும். உங்க செட்டு எந்த ரகம் என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்க.

ஸ்பீக்கர் ஓட்டையில் தண்ணீர் நின்றால் சத்தம் அமுங்கித்தான் கேட்கும். முகம் கீழே இருக்கிற மாதிரி பிடித்து 2 உதறு உதறினால் வந்துவிடும். ஊசி, குச்சி விட்டு குத்தாதீங்க. உள்ளே மெல்லிய படலம் இருக்கு. அது கிழிந்தால் கதை முடிந்தது.

கண்ணால் பார்க்க வேண்டிய இடங்கள்

* பேட்டரி உட்காரும் இடத்து ரப்பர்: தட்டையாக நசுங்கி இருக்கா, வெடிப்பு இருக்கா என்று விரலால் தடவிப் பாருங்க. கம்பெனி பேட்டரிக்கு பதில் கிடைத்த பேட்டரியை மாட்டினால் அளவு சரியாக உட்காராது.

* பேசும் பட்டன் மேல் உள்ள ரப்பர்: நகம் பட்டு கிழிவது இங்கேதான்.

* இயர்போன் மாட்டும் இடத்தின் மூடி: இது தொலைந்த பிறகும் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். பல செட்டுகளில் இந்த மூடி இல்லை என்றால் வாட்டர் புரூப்பே கிடையாது.

* ஆன்டெனா அடிப்பாகம்: ஆன்டெனாவை பிடித்து செட்டை தூக்கும் பழக்கத்தை விடுங்க. அடியில் உள்ள ரப்பர் தளர்ந்து போகும்.

* மூச்சு துளை: சில செட்டுகளில் சின்னதாக ஒரு துளை இருக்கும். காற்று மட்டும் போய்வர, தண்ணீர் நுழையாத மாதிரி படலம் ஒட்டி இருப்பார்கள். ‘ஓட்டை இருக்கே’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதும், கிரீஸ் அடைப்பதும், குத்துவதும் கூடாது.

* விரிசல்: செட்டு கீழே விழுந்த நாளில் இருந்து அதை பழைய செட்டாக நினைக்க வேண்டியதுதான். மூலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்க.

ரப்பர் வழவழப்பாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய், வாசலின், இன்ஜின் கிரீஸ் தடவாதீங்க. சில ரக ரப்பர் ஊறி உப்பிவிடும். எந்த கிரீஸ் என்று புத்தகத்தில் சொல்லி இருந்தால் அதை மட்டும் துளியூண்டு தொட்டு வையுங்க. டீசல், பெட்ரோல், தின்னர் வைத்து துடைக்கவும் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதும்.

வாளியில் போட்டு டெஸ்ட் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம்! ஓட்டை இல்லை என்றால் பிரச்சினை இல்லை. ஓட்டை இருந்தால்? டெஸ்ட் முடியும்போது செட்டும் முடிந்துவிடும். தண்ணீர் வைத்து கண்டுபிடிக்க நினைத்தால் கண்டுபிடிப்பதற்குள் கெட்டுவிடும்.

சரியான முறை காற்று டெஸ்ட். சர்வீஸ் சென்டரில் செட்டின் மூச்சு துளையில் ஒரு டியூப் மாட்டி, சின்ன பம்பு மூலம் உள்ளே இருக்கும் காற்றை கொஞ்சம் உறிஞ்சுவார்கள். மீட்டர் முள் அப்படியே நின்றால் செட்டு நல்ல செட்டு. முள் இறங்கினால் எங்கேயோ ஒழுகுது. அப்புறம் லேசாக காற்றை உள்ளே ஏற்றி தண்ணீரில் பிடித்தால் ஒழுகும் இடத்தில் முட்டை முட்டையாக வரும். உள்ளே காற்று அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நுழையாது. பஞ்சர் கடையில் டியூப்பை தொட்டியில் முக்கி பார்க்கிற அதே டெக்னிக்தான்.

இந்த வசதி எல்லா கடையிலும் இருக்காது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்க. வருடத்துக்கு ஒருமுறை தடைக்காலத்தில் செய்துவிட்டால் அக்டோபர் மழைக்கும், புயல் சீசனுக்கும் பயமில்லை.

ரிப்பேருக்கு என்று யாராவது செட்டை திறந்தால் மறக்காமல் 2 கேள்வி கேளுங்க. ‘புது ரப்பர் போட்டீங்களா? காற்று டெஸ்ட் பண்ணீங்களா?’ இல்லை என்று பதில் வந்தால், அந்த செட்டை அன்றைக்கே வாட்டர் புரூப் லிஸ்டில் இருந்து எடுத்துவிடுங்க.

தண்ணீர் உள்ளே போய்விட்டால்...

டிஸ்பிளேயில் ஆவி படிவது, கரகரவென்று சத்தம், சார்ஜ் சீக்கிரம் இறங்குவது எல்லாம் அறிகுறி. இன்னொரு ஆபத்தும் இருக்கு. பேசும் பட்டனில் ஈரம் இறங்கினால் யாரும் அழுத்தாமலே செட்டு பேச ஆரம்பித்துவிடும். அந்த ஒரு செட்டால் அதே சேனலில் பக்கத்தில் உள்ள மற்றவர்கள் யாரும் பேச முடியாது. உங்க செட்டு கெட்டால் உங்களுக்கு மட்டும் நஷ்டம் இல்லை!

உடனே ஆப் பண்ணி பேட்டரியை கழற்றுங்க. ‘பேசுதா பார்ப்போம்’ என்று ஆன் பண்ணாதீங்க. கடல் தண்ணீர் என்றால் வெளியில் உள்ள உப்பை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், பேன் காற்றில் வைத்து, கூடிய சீக்கிரம் மெக்கானிக்கிடம் கொடுங்க. அடுப்பு பக்கத்தில் வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது கூடாது. அரிசி டப்பாவில் புதைப்பதும் வேலைக்கு ஆகாது. மாவுதான் ஓட்டையில் போய் அடைக்கும். உப்புத்தண்ணீர் புகுந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீங்க. உப்பும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு.

படகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மழையில் நிற்கும் டிராபிக் போலீஸ், செக்யூரிட்டி, கிரேனுக்கு சிக்னல் கொடுக்கும் தொழிலாளி கையில் உள்ள செட்டுக்கும் இதே கதைதான்.

கடைசியாக ஒன்று. கடலில் ஆபத்து என்றால் கடல்சார் வி.எச்.எப். செட்டில் 16-வது சேனல். கரையில் இருந்து தகவல் சொல்ல கடலோர காவல் படை 1554, கடலோர பாதுகாப்பு குழும போலீஸ் 1093. நம்பர் எல்லாருக்கும் மனப்பாடம். கூப்பிடும்போது செட்டு பேசணும். அதுக்கு இந்த தடைக்காலத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்!