திறமை என்னும் சொல்: ஒரு சீட்டாட்டக் கையை முன்வைத்து

1

சீட்டாட்டத்தைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சூது என்றதும் நம்மிடம் இரண்டே பேச்சுகள்தாம் உண்டு. ஒன்று அறத்தின் பேச்சு. வள்ளுவர் தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தை அதற்கே ஒதுக்கினார், பாரதக் கதையில் நாடும் மனைவியும் போயின, ஆகவே ஆடாதே என்பது. இன்னொன்று சுதந்திரத்தின் பேச்சு. என் காசு, என் நேரம், என் திறமை, நீ யார் கேட்க என்பது. இரண்டுமே ஆடுகிறவனின் மனத்தைப் பற்றியே பேசுகின்றன. ஆட்டம் எப்படி இயங்குகிறது, பணம் எந்த வழியில் யாரிடம் போகிறது என்று இரண்டும் பார்ப்பதில்லை. இக்கட்டுரை அதைப் பார்க்க முயல்கிறது.

கிருமாம்பாக்கத்தில் டீக்கடை பெஞ்சில் வைத்து 2024இல் ஒரு தம்பி எனக்குப் போன் திரையைக் காட்டினான். போக்கர் ஆட்டம். முதல் நாள் இரவு ஆடிய ஒரு 'கை' அதில் பதிவாகியிருந்தது. "அண்ணே, நீ படிச்சவன், கணக்குப் போட்டுச் சொல்லு. நான் கரெக்டாத்தான ஆடனேன்? ஜெயிச்சிட்டேன் பாரு" என்றான். எனக்குப் போக்கர் ஓரளவு தெரியும். அந்தக் கையை ஒரு பிரதியை வாசிப்பதுபோல வரி வரியாக வாசித்தோம்.

2

ஆட்டம் தெரியாதவர்களுக்காக: ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் ஜெயிப்பார். ஒவ்வொரு திறப்புக்கும் முன்னும் பின்னும் பணம் கட்டலாம், ஈடு கொடுக்கலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். எல்லோரும் ஒதுங்கிவிட்டால் சீட்டைக் காட்டாமலே பணம் எடுக்கலாம். மிரட்டலுக்கு இடம் வருவது இதனால்தான். நடுவில் சேரும் பணம் 'பாட்'. கேஷ் கேம் என்றால் முன்னால் இருப்பதெல்லாம் நேரடிப் பணம், எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்து போகலாம்.

தம்பி 1000 ரூபாயோடு உட்கார்ந்திருக்கிறான். கட்டாயப் பந்தயம் 5, 10. முதல் இடத்தில் இருப்பவர் 30 கட்டுகிறார். கடைசி இடத்தில் இருக்கும் தம்பியிடம் ஸ்பேட் எட்டு, ஸ்பேட் ஏழு. 30 கட்டுகிறான், மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். பாட் 75. திறந்த மூன்று சீட்டு: ஸ்பேட் ராஜா, டைமண்ட் ஜாக்கி, ஸ்பேட் இரண்டு. எதிராளி 50 கட்டுகிறார், இவனும் 50. பாட் 175. நான்காவதாகக் கிளாவர் நாலு. எதிராளி முழுப் பாட் அளவுக்கு 175 கட்டுகிறார். தம்பி யோசித்து 175 கட்டினான். கடைசிச் சீட்டு ஸ்பேட் ஆறு. ஸ்பேட் ஐந்து சேர்ந்துவிட்டது. இவன் பணம் கட்ட, எதிராளி ஒதுங்கிவிட்டார். 525 ரூபாய்ப் பாட் இவனுக்கு.

இப்போது அந்த 175ஐ வாசிப்போம். தம்பி பார்த்த சீட்டுகள் ஆறு, பாக்கி 46. அவற்றில் ஸ்பேட் 9. ஐந்து முறை ஆடினால் ஏறக்குறைய ஒரு முறைதான் ஸ்பேட் வரும், அதாவது 19.6 சதவீதம். அவன் 175 கொடுத்து எடுக்கப் பார்ப்பது நடுவில் இருக்கும் 350ஐ. இந்த விலைக்கு மூன்றில் ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும். கடைசிச் சீட்டுக்குப் பிறகு பணம் எதுவும் சேராது என்று கொண்டால், இதே இடத்தில் இதே முடிவை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 72 ரூபாய் நட்டம்.

"ஸ்பேட் வந்தா அவன் இன்னும் கட்டுவான் இல்ல?" என்றான். நியாயமான கேள்வி. கணக்குச் சரியாக வர, ஸ்பேட் விழும்போதெல்லாம் எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 370 ரூபாயாவது வர வேண்டும். வருமா? இங்கே எண் முடிந்து வாசிப்பு தொடங்குகிறது. நல்ல ஆட்டக்காரர் 'அவரிடம் என்ன சீட்டு' என்று கேட்பதில்லை, 'இப்படிக் கட்டுகிறவரிடம் என்னென்ன சீட்டுகள் இருக்க முடியும்' என்று கேட்கிறார். ஒரு பந்தயத்திற்குத் தனியாகப் பொருள் கிடையாது. அதே ஆள் கட்டியிருக்கக்கூடிய, கட்டாமல் விட்ட மற்றப் பந்தயங்களோடு வைத்துப் பார்த்தால்தான் பொருள். சசூர் மொழியைப் பற்றிச் சொன்னதற்கு இது வெகுதூரமில்லை. ஆஸ்-ராஜா சாதாரணமாகப் பதினாறு விதமாக வரலாம். ஒரு ராஜா நடுவில் திறந்துவிட்டதால் பன்னிரண்டு விதம். இரண்டு ஆஸ் ஆறு விதம். இரண்டு ராஜா மூன்று விதம்தான். முதல் இடத்திலிருந்து ஏற்றி, இரண்டு முறை தொடர்ந்து கட்டியவரிடம் இவைதாம் மிகுதி. இவர்கள் கட்டக்கூடும், ஆனால் நடுவில் மூன்று ஸ்பேட் விழுந்ததைப் பார்த்துவிட்டு 370க்குப் பலர் கட்டமாட்டார்கள். பெரிய ஸ்பேட் இரண்டு வைத்திருப்பவரோ கட்டுவார். ஆனால் அப்போது தோற்பது தம்பி.

"அவன் சும்மா மிரட்டறான்னு நெனச்சேன்" என்றான். மிரட்டல்தான் என்று வைத்துக்கொண்டாலும் எட்டும் ஏழும் ராணியிடம்கூடத் தோற்கும். வெறுமனே ஈடு கட்டினால் மிரட்டுகிறவனையும் இவனால் ஜெயிக்க முடியாது. ஒதுங்கியிருக்க வேண்டும், அல்லது தானே ஏற்றி மிரட்டியிருக்க வேண்டும். ஈடு கட்டியது இருப்பதில் மோசமான வழி.

"ஆனா ஜெயிச்சேனே."

இந்த ஆட்டத்தின் மிகக் கொடிய பாடம் அதுதான். தவறான முடிவு ஐந்தில் ஒருமுறை பரிசு பெறுகிறது, சரியான முடிவு பல முறை தண்டனை பெறுகிறது. விளைவை வைத்துக் கற்றுக்கொள்கிறவன் தவறையே கற்றுக்கொள்கிறான். தூண்டில் இரையை மீன் விழுங்கியது போன்றது சூதில் பெறும் வெற்றி என்று வள்ளுவர் உவமித்தது வெறும் அறிவுரையன்று, துல்லியமான அவதானம்.

3

ஆக, திறமை உண்டா? சந்தேகமில்லாமல் உண்டு. ஃபான் நாய்மன் 1944இல் மார்கன்ஸ்டெர்னோடு எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கு ஒரு பகுதியையே ஒதுக்கினார். 2019இல் புளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறுபேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. வெறும் அதிர்ஷ்டத்தில் இது நடக்காது.

நம் நீதிமன்றங்கள் இந்த ஒரு கேள்வியையே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவந்தன. 1968இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. அதே தீர்ப்பில் மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்று ஒதுக்கப்பட்டது. ஏரிக்கரை மரத்தடியில் மூணு சீட்டு ஆடுகிறவனை போலீஸ் பிடிக்கும், கிளப்பில் ரம்மி ஆடுகிறவரைப் பிடிக்காது. இதில் இருக்கும் வர்க்கக் கோடு கவனத்திற்குரியது. 1996இல் தமிழ்நாட்டு வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமையாயிற்று. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரை அதிர்ஷ்டம் என்றது. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. காரணம் மறுபடியும் திறமை.

இந்தச் சட்டங்கள் எல்லாம் முள்ளோடையோடு நின்றுவிட்டன என்பதை நம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாராயத்துக்கு வடக்கே வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய கொம்யூன் நம்முடையது. கோட்டுக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் பொழுதுபோக்கு.

ரோஜே கயுவா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, கிறக்கம் என்று நான்காகப் பிரித்தார். நம் சட்டச் சொல்லாடல் முதல் இரண்டோடு நின்றுவிட்டது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் சிவந்து போனைத் தடவிக்கொண்டிருப்பவனின் கிறக்கம் அதன் அகராதியில் இல்லை. அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. ரம்மி ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துகிறவர் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று அதே 1968 தீர்ப்பு சொல்லியிருந்தது. பின்னால் வந்த வாதங்களில் 'திறமை' பெருங்குரலாயிற்று, 'மேசைக்காரன் லாபம்' மங்கிப்போயிற்று.

4

அந்த லாபத்தைக் கணக்கிடுவோம். ஜெயித்த ஒவ்வொரு பாட்டிலிருந்தும் நிறுவனம் ஒரு பங்கு எடுக்கும். 5 சதவீதம் என்று வைத்தால் தம்பியின் 525இல் 26 ரூபாய். எல்லாப் பாட்டும் இவ்வளவு பெரிதல்ல என்பதால் சராசரியாகக் கைக்கு 10 ரூபாய் எனக் கொள்வோம். ஆறு பேர், ஆளுக்கு ஆயிரம், மேசையில் 6000. மணிக்கு 60 கை ஓடினால் மணிக்கு 600 வெளியே போகிறது. பத்து மணி நேரத்தில் மேசையே காலி. ஆறு பேரும் சமமான திறமைசாலிகள் என்றால் ஆறு பேரும் முழுதாகத் தோற்றிருப்பார்கள். அது நடக்காமலிருக்க ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் புதுப்பணத்தோடு உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும். அரசும் பங்காளிதான். 2023 அக்டோபர் முதல் ஆட்டத்துக்குச் செலுத்தும் முழுத்தொகையின் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது.

திறமைக்கு மூலதனமும் வேண்டும். பத்தில் ஆறு முறை ஜெயிக்கக்கூடிய மிகச் சரியான முடிவையே எடுத்துக்கொள்வோம். தம்பியிடம் இருப்பதே இரண்டாயிரம், ஒவ்வொரு முறையும் ஆயிரம் வைக்கிறான். முதல் இரண்டும் தோற்க 16 சதவீத வாய்ப்பு உண்டு, ஏறக்குறைய ஆறில் ஒன்று. சரியாக ஆடியே தெருவுக்கு வருவான். ஐம்பதாயிரம் வைத்திருப்பவருக்கு அது ஒரு கெட்ட இரவு, அவ்வளவுதான். நீண்ட காலத்தில் கணக்கு நேராகும் என்பது உண்மை. ஆனால் அந்த நீண்ட காலம் வரை தாக்குப்பிடிக்கப் பணம் உள்ளவனுக்கே அது உண்மை. ஒரே நேரத்தில் நாலு மேசை, எதிராளிகளின் பழக்கத்தைப் பதிவு செய்யும் மென்பொருள், தூங்கி எழுந்த மூளை, இவையெல்லாம் எதிர்ப்பக்கத்தில். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு இந்தப் பக்கத்தில்.

ஆக, 'திறமை ஆட்டம், ஆகவே சூதல்ல' என்ற தர்க்கத்தைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். குலுக்கலில் எல்லோரும் ஒரே வீதத்தில் ஏமாறுகிறார்கள். திறமை ஆட்டத்தில் தெரியாதவன் தெரிந்தவனுக்கு இரை, இருவருமே மேசைக்காரனுக்கு இரை. போதாததற்கு, தோற்றவன் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறான்: 'எனக்குத் திறமை பத்தல.' மரத்தடி மூணு சீட்டில் தோற்றவன் விதியைத் திட்டினான், ஜெயித்தவனிடமே மறுநாள் கைமாத்தும் கேட்டான். இங்கே எதிராளிக்கு முகமில்லை, திட்டத் தன்னைத் தவிர ஆளில்லை. 2020க்குப் பிறகு புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் செய்தியான தற்கொலைகளை இந்த இடத்தில் வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

5

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தள்ளிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. பெரிய நிறுவனங்கள் அந்த மாதமே பண மேசைகளை மூடின. வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. தடையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 'திறமை' என்ற கதையாடல் அதோடு முடிந்துவிட்டதாக நினைப்பது தவறு.

சில மாதங்களுக்குப் பிறகு அதே பெஞ்சில் அதே தம்பி. போனில் வேறு திரை, பச்சையும் சிவப்புமாகக் கோடுகள். நிஃப்டி ஆப்ஷன். "இது சூது இல்லண்ணே, கவர்மெண்டே ஒத்துக்கினது. கத்துக்கினா சம்பாதிக்கலாம்" என்றான். பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன்: அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மூன்றாண்டில் அவர்கள் இழந்தது மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான்.

"மீதி ஏழு பேர் இன்னா பண்ணாங்கன்னு சொல்லுண்ணே" என்றான்.

அந்த ஏழு பேரைக் காட்டித்தான் தொண்ணூற்று மூன்று பேரை உட்கார வைக்கிறார்கள் என்று சொன்னேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. போனை என் பக்கம் திருப்பி, முந்தின நாள் வாங்கி விற்றதை வரிசையாகக் காட்டத் தொடங்கினான். "கணக்குப் போட்டுச் சொல்லு. கரெக்டாத்தான பண்ணிக்கிறேன்?"

மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தோம். நாம் செய்யக்கூடியது இப்போதைக்கு இதுதான் என்று நினைக்கிறேன். ஆடாதே என்று சொல்லிவிட்டு எழுந்து போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து, மேசைக்காரன் பங்கு எந்த வரியில் போகிறது என்று விரல் வைத்துக் காட்டுவது.