வேகம் காக்கும் கருவியும் அதன் பழுதும்

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்துள்ள வசதிகள் பலப்பல. ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இராமல், நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் கார் செல்ல உதவும் 'குரூஸ் கன்ட்ரோல்' அவற்றுள் ஒன்று. இதைக் கண்டுபிடித்தவர் பார்வையற்ற ஒருவர் என்று அறியும்போது நமக்கு வியப்பு உண்டாகிறதல்லவா? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1890-ல் பிறந்த ரால்ஃப் டீட்டர், 5 வயதில் நேர்ந்த விபத்தில் பார்வையை இழந்தார். ஆயினும் மனம் தளராமல் படித்து இயந்திரப் பொறியாளரானார். தம் வழக்கறிஞர் காரோட்டும்போது, பேச்சுக்கேற்ப வேகம் கூடிக் குறைவதை உணர்ந்தே இக்கருவியைப் பற்றிச் சிந்தித்தார் என்பர். 1950-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1958-ல் கிரைஸ்லர் நிறுவனக் கார்களில் அது இடம்பெற்றது.

பின்னர் வந்த கார்களில் இக்கருவி மின்சாரத்தால் இயங்கலாயிற்று. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மூன்று செய்திகள் வேண்டும். ஓட்டுநர் எந்தப் பொத்தானை அழுத்தினார்? கார் என்ன வேகத்தில் செல்கிறது? பிரேக் மிதிக்கப்பட்டுள்ளதா? இவற்றில் ஒன்றில் ஐயம் எழுந்தாலும் கருவி வேலை செய்யாது. பயணிகளின் பாதுகாப்புக்காகவே அவ்வாறு அமைத்துள்ளார்கள். ஆகவே, கருவி நின்றுவிட்டால் விலையுயர்ந்த பெட்டியே கெட்டுவிட்டது என்று நாம் முடிவு கட்டலாகாது.

அப்படியானால் பழுதை எவ்வாறு கண்டறிவது? பக்கத்து வீட்டாரை விசாரிப்பதுபோல, அதே மின்கம்பியையும் சுவிட்சையும் பகிர்ந்துகொள்ளும் மற்ற உறுப்புகளை முதலில் விசாரிக்க வேண்டும்.

முதலாவதாக ஃபியூஸைப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் காரின் பின்னால் நின்று சிவப்பு விளக்குகளைக் கவனிக்க வேண்டும். அவை எரியாவிட்டாலும், மிதிக்காதபோதே எரிந்துகொண்டிருந்தாலும் பிரேக் சுவிட்சின் மீதே முதல் சந்தேகம். சில கார்களில் அந்த விளக்கின் பல்பு போனாலே குரூஸ் கன்ட்ரோல் நின்றுவிடும். பல கார்களில் பிரேக் சுவிட்சினுள் இரு இணைப்புகள் உண்டு. விளக்கு சரியாக எரிந்தாலும் மற்றொன்று கெட்டிருக்கலாம். அதை மீட்டர் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். மூன்றாவதாக ஹாரன். அதுவும் ஒலிக்கவில்லையெனில், ஸ்டீயரிங்கினுள் சுருண்டிருக்கும் நாடா போன்ற கம்பி அறுந்திருக்கக்கூடும். அங்கே காற்றுப்பை இருப்பதால் பயிற்சி பெற்ற மெக்கானிக்கே அதைத் திறக்க வேண்டும். நான்காவதாக, வேகம் காட்டும் முள் அசையாவிட்டால், வேகத்தை உணரும் உறுப்பையும் அதன் கம்பியையும் ஆராய வேண்டும்.

புதிய ஃபியூஸும் உடனே போய்விட்டால், எங்கோ 'ஷார்ட் சர்க்யூட்' இருக்கிறது என்று பொருள். அப்போது தடித்த கம்பியைச் சுற்றிச் சமாளிப்பது தீயை வரவேற்பதாகும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. ஃபோர்டு நிறுவனத்தின் பல வகை வாகனங்களில், குரூஸ் கன்ட்ரோலை நிறுத்தும் சிறிய சுவிட்சினுள் பிரேக் எண்ணெய் கசிந்தது. சாவியை எடுத்த பின்னும் அதில் மின்சாரம் இருந்ததால், நிறுத்தி வைத்திருந்த வண்டிகள்கூடத் தீப்பற்றின. 1999 முதல் 2009 வரை 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் திருத்தத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பல வண்டிகளில் செய்த திருத்தம் என்ன தெரியுமா? ஃபியூஸ் பொருத்திய ஒரு சிறு கம்பியை இடையில் இணைத்ததுதான்!

எனவே, 'அந்தக் கருவி இல்லாமலும் கார் ஓடுகிறதே' என்று நம் வீட்டுப் பெரியோர் அசட்டையாக இருந்தால், நாம் பணிவுடன் எடுத்துச் சொல்வோம். குரூஸ் கன்ட்ரோலை நிறுத்திய அதே பழுது பிரேக் விளக்கையும் அணைத்திருக்கலாம். அவ்விளக்கை நம்பியே பின்னால் வருபவர் தம் காரை நிறுத்துகிறார். ஆகவே காரணத்தை ஒழுங்காகத் தேடிக் கண்டறிவோம். நம் உயிரையும் பிறர் உயிரையும் காப்போம்.